நூறு வெள்ளிக்குள் ஒரு விசைப்பலகை

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளையும் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் எடைபோட்டுவிடுவோம். நாற்காலி கிறீச்சிடுமா, குளிர்சாதனம் இரையுமா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடி வளையல் போட்டிருக்கிறாரா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். நான் ஒலிபரப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது, எதிரே இருக்கும் தோழர் நேயர்கள் புலனத்தில் அனுப்பும் வாழ்த்துகளைத் தட்டச்சு செய்து என் திரைக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். அவருடைய விசைப்பலகை கொஞ்சம் வாயாடியாக இருந்தால் போதும். ஒலிவாங்கி அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய், காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் உங்கள் காதில் கொட்டிவிடும். "உங்கள் நிலையத்துக் கூரையில் மழை பெய்கிறதா?" என்று ஒரு நேயர் கேட்டே விட்டார்.

அதனால்தானோ என்னவோ, தெரிந்தவர்கள் கணினிப் பொருள் வாங்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். மடிக்கணினிக்கு மூவாயிரம் வெள்ளி எடுத்து வைக்கத் தயங்காதவர்கள், தனியாக ஒரு விசைப்பலகைக்கு எழுபது வெள்ளி என்றதும் "அதுதான் மடிக்கணினியிலேயே இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, உண்மைதான். சிக்கலே அங்கேதான். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியாக மேசையில் வைத்தால் திரை தாழ்ந்து கழுத்து குனிகிறது. கழுத்துக்கு வசதியாகத் திரையை உயர்த்தினால் தோளும் கையும் சேர்ந்து ஏறுகின்றன. இரண்டில் ஏதோ ஒன்று வலித்தே தீரும்.

தனி விசைப்பலகை ஒன்று இருந்தால், மடிக்கணினியைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றிவிட்டுக் கைகளைக் கீழேயே வைத்துக்கொள்ளலாம். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்ட பிறகு பல வீடுகளில் அந்தப் பயிற்சி நூல்கள் சும்மாதான் கிடக்கின்றன. நான்கைந்தை அடுக்கினால் சரியான உயரம் வந்துவிடும்.

சொல்லுக்கு இத்தனை காசு

என் பெரியம்மா மகள் கிள்ளானில் இருக்கிறார். மொழிபெயர்ப்பாளர். மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு அறிவிப்புகள், மருந்துக் கையேடுகள், காப்புறுதிப் படிவங்கள் என்று எது வந்தாலும் செய்வார். ஊதியம் சொல் கணக்கில், சொல்லுக்கு இத்தனை காசு. வீட்டுக் கடன் தவணையில் ஏறக்குறையப் பாதி அவருடைய விரல்களிலிருந்துதான் வருகிறது. சின்னவனுக்கு ஒன்றரை வயது. அவன் தூங்கிய பிறகு, இரவு பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை சாப்பாட்டு மேசைதான் அலுவலகம்.

சில மாதங்களுக்கு முன் அவருடைய இடக்கைச் சுண்டுவிரல் வலிக்கத் தொடங்கியது. பிறகு மணிக்கட்டு. தைலம் தேய்த்தார், வெந்நீரில் கை வைத்தார். இரவில் ஆயிரத்து ஐந்நூறு சொல் செய்துகொண்டிருந்தவர் எண்ணூறில் நின்றுவிட்டார். "இப்படியே போனால் பாதி வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்" என்று தொலைபேசியில் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. குரலைக் கேட்டால் எனக்குத் தெரியும். அடுத்த வாக்கியத்திலேயே, "நூறு வெள்ளிக்கு மேல் என்னால் முடியாது. கைக்கு நல்லதாக ஒன்று வாங்க நீ கூட வருவாயா?" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தமிழ்ச் சொல்லுக்குச் சராசரியாகப் பத்துத் தட்டு என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குப் பதினைந்தாயிரம் தட்டு. திருத்தமும் அழிப்பும் தனி. ஒவ்வொரு தட்டிலும் விரல் எவ்வளவு தூரம் இறங்குகிறது, எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது, எங்கே போய் முட்டுகிறது என்பதைப் பதினைந்தாயிரத்தால் பெருக்கிப் பார்த்தால்தான் விசைப்பலகையின் உண்மையான விலை தெரியும்.

விசைக்குக் கீழே என்ன இருக்கிறது

கடையில் கிடைப்பவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, மெம்பிரேன். விசைக்குக் கீழே ரப்பர் குமிழ், அதற்கும் கீழே மின்சுற்று அச்சிட்ட மெல்லிய தாள்கள். விசையை அழுத்தினால் குமிழ் அமுங்கித் தாள்கள் ஒன்றையொன்று தொடும், எழுத்து விழும். அரசாங்க அலுவலகங்களிலும் பள்ளிக் கணினி அறைகளிலும் நாம் பார்ப்பவை பெரும்பாலும் இவைதான். விலை குறைவு, சத்தமும் குறைவு. குறை என்னவென்றால், அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். ரப்பர் பழசாகும்போது சில விசைகள் மட்டும் கெட்டியாகிவிடும், சில தொளதொளக்கும்.

இரண்டாவது, மடிக்கணினிகளில் இருக்கும் சிசர் வகை. இதிலும் ரப்பர் குமிழ்தான், ஆனால் கத்தரிக்கோல் போலக் குறுக்கே பின்னிய இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் விசையைத் தாங்கிப் பிடிக்கும். விசையின் எந்த மூலையைத் தொட்டாலும் நேராக இறங்கும். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். பலகையே மெலிதாக இருப்பதால் மணிக்கட்டை மேலே தூக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, இளைஞர்கள் உயிரை விடும் மெக்கானிக்கல். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுவிட்சும் சுருள்வில்லும் உண்டு. விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனால் பாதி வழியிலேயே, அதாவது 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். பழகிய விரல் அடிவரை போய் மோத வேண்டியதில்லை. இந்தச் சுவிட்சுகளில் பெயர் பெற்றது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம். அதன் காப்புரிமை 2014 வாக்கில் முடிந்ததும் சீனத் தொழிற்சாலைகள் அதே அமைப்பைச் செய்யத் தொடங்கின. முன்பு நானூறு, ஐந்நூறு வெள்ளிக்கு விற்ற வகை இன்று நூற்றைம்பதுக்கும் அதற்குக் கீழும் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மெக்கானிக்கலில் நிறம்தான் பேச்சு. சிவப்பு என்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும், அழுத்தம் ஏறக்குறைய 45 கிராம். பழுப்பில் நடுவழியில் ஒரு சிறிய மேடு தட்டுப்படும். நீலத்தில் அந்த மேட்டோடு 'கிளிக்' என்ற சத்தமும் வரும், அழுத்தமும் 60 கிராம் வரை போகும். நீலத்தைத் தட்டும்போது உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி வருவதை மறுக்க மாட்டேன். ஆனால் குழந்தை தூங்கும் வீட்டுக்கும் ஒலிபரப்புக் கூடத்துக்கும் நீலம் ஆகாது.

தமிழில் தட்டுகிறவர் பார்க்க வேண்டியது

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்க உதவும் காணொளிகளும் இத்தோடு நின்றுவிடுகின்றன, ஏனென்றால் அவற்றைச் செய்பவர்கள் ஆங்கிலத்தில் தட்டுகிறார்கள். நமக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது.

எழுத்துகளை விசைகளில் அடுக்கும் வேலையில் இந்த வட்டாரத்துக்குப் பழைய பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்க வந்த ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று அழைக்கப்படுகிறார். இருநூற்றுச் சொச்சம் எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டும் என்பதுதான் அவர் முன் இருந்த கணக்கு. கணினிக் காலத்தில் நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் தொடங்கிய முரசு அஞ்சலை இங்கே பலருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்தே தமிழைத் தட்டும் அஞ்சல் முறையில்தான் என் தலைமுறை மலேசியத் தமிழர்களில் பலர் பழகினோம். பிறகு 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய தமிழ் 99 வந்தது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில். இன்று மேக் கணினியிலும் புதிய விண்டோஸிலும் இரண்டு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. தனியாக எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

நீங்கள் எந்த முறையில் தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, விசைப்பலகையில் கவனிக்க வேண்டிய இடம் மாறும்.

அஞ்சல் முறையில் ண, ள, ற மூன்றுக்கும் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு தட்ட வேண்டும். 'அவர்கள்' என்ற ஒரு சொல்லில் ஒரு ஷிப்ட். 'வேண்டும்' என்றால் ஒன்று. 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று ஓர் அறிவிப்பு முடிந்தால் நான்கு. ண, ள இரண்டுக்கும் உரிய ஆங்கில எழுத்துகள் வலக்கைப் பக்கம் இருப்பதால் ஷிப்ட் பிடிக்கும் வேலை இடக்கைச் சுண்டுவிரலுக்குப் போகிறது. இதைச் சொன்னதும் அக்கா தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டார். கையிலேயே பலவீனமான விரல் அது. இரவு முழுவதும் கெட்டியான ஒரு விசையைப் பிடித்து அழுத்தும் வேலை அதன் தலையில்தான் விழுந்திருந்தது.

ஆகவே அஞ்சல்காரர்கள் முதலில் சோதிக்க வேண்டியது ஷிப்ட் விசையை. அகலமாக இருக்கிறதா? விளிம்பில் தொட்டாலும் இறங்குகிறதா? அழுத்தம் மற்ற விசைகளைப் போலவே இருக்கிறதா? மலிவு வகைகளில் பெரிய விசைகள்தான் முதலில் ஏமாற்றும். இயங்கலையில் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் அமைப்பில் செய்த பலகைகளில் இடப்பக்க ஷிப்ட் பாதியாகக் குறுகி, பக்கத்தில் தேவையில்லாத ஒரு விசை முளைத்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

தமிழ் 99-இல் ஷிப்டுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. ஆனால் வேறொரு பொறி இருக்கிறது. அதில் ஆங்கிலக்காரர்களுக்கு நிறுத்தற்குறிகள் இருக்கும் வலது ஓரத்து விசைகளில் நமக்கு முழு எழுத்துகள் குடியிருக்கின்றன. அரைப்புள்ளி இருக்கும் விசையில் ந. அதற்கு அடுத்த மேற்கோள்குறி விசையில் ய. சதுர அடைப்புக் குறிகளில் ச, ஞ. சாய்கோட்டில் ழ. பைக்குள் போகும் அளவில் விற்கும் சின்னப் புளூடூத் பலகைகளில் இடம் மிச்சம் பிடிக்க முதலில் சுருக்கப்படுவது இந்த ஓரத்து விசைகள்தான். ஆங்கிலத்தில் எப்போதாவது ஓர் அரைப்புள்ளி போடுகிறவருக்கு அது பெரிய தொல்லை இல்லை. 'நீ', 'நான்', 'நாம்' என்று எழுதாமல் தமிழில் ஒரு கடிதம் எழுதிவிட முடியுமா? எழுத்து விசைகள் எல்லாம் ஒரே அளவில், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் இருக்கும் பலகையாகப் பாருங்கள். பள்ளி அளவுகோல் ஒன்று பையில் இருந்தால் போதும், நான் எடுத்துப் போனேன்.

அக்காவின் மூத்த மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. கடைக்கு எங்களோடு வந்திருந்தாள். "அம்மா, வணக்கம் என்று அடிக்க ஏன் இத்தனை தடவை தட்டுகிறீர்கள்?" என்று கேட்டாள். அவள் பழகுவது தமிழ் 99. எண்ணிப் பார்த்தோம். அஞ்சலில் எட்டு எழுத்துகள், ண-வுக்கு ஒரு ஷிப்ட், ஆக ஒன்பது. தமிழ் 99-இல் வ, ண, க, க, ம, ஒரு புள்ளி, ஆக ஆறு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். அக்காவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருபது ஆண்டு விரல் பழக்கத்தை வேலைக்கு நடுவில் மாற்றுவது எளிதல்ல. மாறுகிற இரண்டு மூன்று மாதம் வேகம் பாதியாகும், சொல் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அது வருமான இழப்பு. புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் தமிழ் 99 என்றுதான் சொல்வேன். பெரியவர்களைப் படுத்த மாட்டேன்.

லோ யாட்டில் ஒரு சனிக்கிழமை

புக்கிட் பிந்தாங்கில் இருக்கும் லோ யாட் பிளாசாவைக் கணினி வாங்குகிறவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. இயங்கலையில் பத்து வெள்ளி குறைவாகக் கிடைக்கலாம்தான். ஆனால் விசைப்பலகை செருப்பு மாதிரி, போட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பது என் கட்சி. மாதிரிப் பலகைகளை வெளியே வைத்திருக்கும் கடையாகத் தேடிப் போனோம்.

போவதற்கு முன் அக்காவிடம் ஒன்று சொல்லியிருந்தேன். கடையில் பலரும் செய்வது போல விரலை ஓடவிட்டு, கண்டபடி தட்டிப் பார்க்க வேண்டாம். தினமும் எழுதும் ஒரு வாக்கியத்தையே அடியுங்கள். இணைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திரை தேவையில்லை, விரலுக்குத் தெரியும். அவர் அடித்தது, 'மேல் விவரங்களுக்கு எங்கள் அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளுங்கள்'. அவர் வாழ்க்கையில் அதிகம் தட்டிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் பலகை 29 வெள்ளி, மெம்பிரேன். எழுத்து விசைகள் மோசமில்லை. ஷிப்ட் மட்டும் சேற்றில் கால் வைத்தது போல இருந்தது. இரண்டாவது நீல மெக்கானிக்கல், 99 வெள்ளி, அடியில் வானவில் விளக்கு. அக்கா நான்கு சொல் தட்டுவதற்குள் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா சின்னவன் எழுந்துடுவான்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். மூன்றாவது சிவப்பு மெக்கானிக்கல், எண்பத்தேழு விசை, 119 வெள்ளி. வலப்பக்கத்து எண் விசைகள் இல்லாத வகை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. எண் விசைகள் இல்லையென்றால் மௌஸ் நெருங்கி வரும், வலத்தோள் வெளியே நீள வேண்டியதில்லை. கடைத்தம்பியிடம் "போஸ், போலே குராங்?" என்று கேட்டு நூற்றுப் பத்துவரை கொண்டுவந்தும் விட்டேன்.

ஆனால் கையை வைத்ததும் அக்கா முகம் சுளித்தார். மெக்கானிக்கல் பலகைகள் தடிமன் அதிகம். மேசையில் உள்ளங்கையை ஊன்றினால் விரல்கள் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கும், மணிக்கட்டு பின்னால் மடங்கும். அதற்கென்று முன்னால் வைக்கும் மெத்தைத் தாங்கி ஒன்று தனியாக விற்கிறார்கள், அதற்கு இன்னும் இருபது முப்பது வெள்ளி. ஏற்கெனவே மடிக்கணினிக்குப் பழகிய கை வேறு. நான் சிவப்புக்கு வாதாடிப் பார்த்தேன். "கை உன்னுடையதா, என்னுடையதா?" என்று கேட்டார். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

நான்காவதாக ஒரு சிசர் வகை. கம்பி வைத்தது, மெலிதானது, 69 வெள்ளி. விளக்கு இல்லை, பெட்டியில் வீரர் படம் இல்லை, கடையின் கீழ்த்தட்டில் தூசியோடு இருந்தது. அக்கா தன் வாக்கியத்தை மூன்று தடவை அடித்தார். ஷிப்டின் இடது ஓரத்தைச் சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். இடைவெளி விசை மட்டும் லேசாகத் தடதடத்தது, மற்றபடி மழை இல்லை. மகள் வந்து ந, ய, ழ இருக்கும் இடங்களைத் தட்டிப் பார்த்து, "எல்லாம் ஒரே சைஸ்" என்று தீர்ப்பு சொன்னாள். விலைக் கழிவு கேட்டோம், கிடைக்கவில்லை. மௌஸ் வைக்கும் விரிப்பு ஒன்றைச் சும்மா கொடுத்தார் தம்பி.

கடைகளில் நான் பார்த்தவரை, நல்ல மெம்பிரேன் நாற்பது வெள்ளிக்குள் கிடைக்கிறது. லாஜிடெக் கே120 போல ஆண்டுக்கணக்காக மாறாமல் வந்துகொண்டிருக்கும் எளிய வகைகளைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் ஒரு மணி நேரத்துக்குக் கீழே தட்டுகிறவர்களுக்கு அது தாராளம். நாள் முழுக்கத் தட்டுகிறவர், தனி அறை இருப்பவர் என்றால் சிவப்போ பழுப்போ மெக்கானிக்கல் வாங்கலாம், பத்து ஆண்டு உழைக்கும். 'கேமிங்' என்ற சொல்லுக்கும் வண்ண விளக்குக்கும் கொடுக்கும் காசு விரலுக்குப் போய்ச் சேராது. கம்பியில்லாதது மேசைக்கு அழகு, ஆனால் அதே விலையில் கம்பி வைத்ததில் விசைகள் பெரும்பாலும் தரமாக இருக்கும். எழுத்துகள் வெறும் மையால் அச்சடித்தவையா என்பதையும் நகத்தால் உரசிப் பாருங்கள். தமிழ் ஒட்டெழுத்துத் தாள்கள் வாங்கி ஒட்டுவது பழகும் பிள்ளைகளுக்கு முதல் சில வாரம் உதவும். பிறகு உரித்துவிடுவது நல்லது, ஓரம் பிரிந்து விரலில் தட்டும். அதற்குள் எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறிய மேடுகள் விரலுக்குப் பழகியிருக்கும். தமிழ் 99-இல் ஒன்று புள்ளி, மற்றது ப.

மேசைக்கு வந்த பிறகு

வீட்டில் முதல் வேலையாக, பலகையின் பின்பக்கம் இருந்த இரண்டு குட்டிக் கால்களை மடக்கிவிட்டேன். அவற்றை நிமிர்த்தி வைத்தால்தான் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். நிமிர்த்தினால் பின்புறம் உயரும், மணிக்கட்டு இன்னும் மடங்கும். விசையைப் பார்த்துத் தட்டுகிறவருக்கு எழுத்து நன்றாகத் தெரியும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

அடுத்தது உயரம். சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 75 செண்டிமீட்டர் இருக்கும். சோறு சாப்பிடச் சரி. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் மூன்று மணி நேரம் தட்டச்சு செய்ய அது அதிகம். முழங்கை விசைப்பலகையின் மட்டத்துக்கு வர வேண்டும், தோள் தளர்ந்திருக்க வேண்டும். மேசையை அறுக்க முடியாது, ஆகவே நாற்காலியில் ஒரு தடித்த திண்டைப் போட்டோம். கால் தொங்கியது. அதற்கு மைலோ டின்கள் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய செய்தித்தாள்களை அடைத்துக் கீழே வைத்தோம். மொத்தச் செலவு சுழியம். சொல்லப்போனால் 69 வெள்ளிப் பலகையைவிட இந்தத் திண்டும் பெட்டியும்தான் மணிக்கட்டுக்கு அதிகம் செய்தன என்பது என் எண்ணம். அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார்.

சுண்டுவிரலுக்கு இன்னொரு இலவச மருந்தும் இருக்கிறது. விண்டோஸில் ஷிப்டைத் தொடர்ந்து ஐந்து தடவை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று கேட்கும். தெரியாமல் வரும்போது எல்லோரும் எரிச்சலோடு மூடிவிடும் அதே பெட்டிதான். அதற்கு ஆம் என்றால், ஷிப்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒரு தடவை தட்டிவிட்டு, அடுத்து எழுத்தைத் தட்டினால் போதும். ஆ, ஈ போன்ற நெடில்களுக்கும் ஷிப்டை நாடாமல் குறிலை இரண்டு தடவை தட்டலாம். அக்கா முதல் வாரம் திட்டினார், இரண்டாம் வாரம் மறந்துவிட்டார்.

குரலில் பேசினால் எழுத்தாகிவிடுமே என்று கேட்பீர்கள். வாயால் பிழைக்கிறவளிடமே கேட்டுவிட்டீர்கள். புலனத்தில் ஒரு செய்தி அனுப்ப அது போதும். மருந்துக் கையேட்டில் ஒரு லகர ளகரம் மாறினால் அதைத் தேடித் திருத்துவதற்குள் தட்டியே முடித்துவிடலாம். பக்கத்தில் குழந்தை வேறு தூங்குகிறது.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். விசைப்பலகை மருந்து அல்ல. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது, இரவில் கையை உதறிக்கொண்டு விழிப்பது, பிடித்த பொருள் நழுவுவது எல்லாம் நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு லோ யாட் போகக்கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். அக்காவுக்கும் இரவில் லேசாக மரத்தது தெரிந்ததும் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். இரவில் மட்டும் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கையைத் தொங்கவிடவும் சொன்னார். அந்த அரை மணிக் கணக்கைத்தான் அக்கா மறந்துபோகிறார். இப்போது அடுப்படியில் முட்டை அவிக்கும் கடிகாரத்தைத் திருகி மேசையில் வைத்துக்கொள்கிறார்.

மூன்று மாதம் ஆகிறது. சுண்டுவிரல் வலி ஏறக்குறைய இல்லை. மணிக்கட்டு சில நாள் நன்றாக இருக்கிறது, சில நாள் இல்லை. இரவுக்கு ஆயிரத்து இருநூறு சொல்வரை திரும்பியிருக்கிறார். திருப்பிக் கொடுக்க நினைத்த வேலைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வைத்துக்கொண்டார். பகலில் அதே பலகையில் மகள் தமிழ் 99 பழகுகிறாள். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாறிவிடலாம் என்பதால் தாய்க்கும் மகளுக்கும் சண்டை இல்லை.

போன வாரம் சின்னவன் அதன்மேல் அரைக்கோப்பை மைலோவைக் கவிழ்த்துவிட்டான். இப்படி ஆனால் முதலில் கம்பியைப் பிடுங்குங்கள், பிறகு பலகையைக் கவிழ்த்துப் பிடித்து வடியவிடுங்கள், ஈரத்துணியால் சர்க்கரைப் பிசுக்கைத் துடையுங்கள். முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும். இரண்டு நாள் துணிக்கொடிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்தோம். மூன்றாம் நாள் செருகிப் பார்த்தால் எல்லா எழுத்தும் விழுகிறது. மகள் தட்டும் 'ழ' மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு எழுகிறதாம்.